ஏரியில் தள்ளிய ஐஸ்

சென்னைத் துறைமுகத்துச் சுங்கக் கூடத்தில் என் பெட்டியைக் கவிழ்த்தவர்கள் மூன்று பேர். கவிழ்ப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பதினொரு பேர். எல்லோருக்கும் அரசாங்கச் சம்பளம். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிராணியாகவே காலம் தள்ளிய குமாஸ்தா நான். ஓய்வு பெற்ற பிறகும் கண்ணில் படுவதை எண்ணாமல் என்னால் இருக்க முடிவதில்லை. பெட்டியில் ஆறு வேட்டி, நாலு சட்டை, பன்னிரண்டு புட்டி தலைவலித் தைலம், ஒரு கைலியில் சுற்றிய இரும்புச் சாமான். தைலத்தைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தபோது எட்டுப் புட்டிதான் இருந்தது. இரும்புச் சாமானைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

"இது இன்னா சார்? துப்பாக்கி பார்ட்டா?"

"ஐஸ் மெஷினுடைய வளையம். அம்மோனியா கசியாமல் அடைப்பது" என்றேன்.

"மெஷினு எங்க?"

"பழவேற்காட்டில்."

"மெஷினு பழவேற்காட்டுல, வளையம் பினாங்குலயா? நல்லா கீது கதை."

கதை நன்றாக இல்லை, ஆனால் உண்மை. பினாங்கில் தினமும் என்னோடு கோப்பிக் கடையில் உட்காருகிற உவைஸின் அக்காள் பழவேற்காட்டில் இருக்கிறார். அவருடைய மகன் சுலைமான் அங்கே ஐஸ் ஆலை போட ஆசைப்பட்டான். பினாங்கில் மூடிக்கிடந்த ஆலை ஒன்றின் பழைய மெஷினை உவைஸ் வாங்கிக் கப்பலேற்றி அனுப்பினார். ஓட ஆரம்பித்த ஒரு வாரத்தில் வளையம் போயிற்று. அந்த உருப்படி இந்தியாவில் கிடையாது. வெளியிலிருந்து வரவழைக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் மனு ஏதோ ஓர் அலுவலகத்தில் தூங்குகிறது, மெஷின் தூங்குகிற மாதிரியே. திருத்தணிக்கு எனக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. இந்தியா போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே உவைஸ் கைலிப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"முருகனை அப்புறம் பாருங்கள். தை அமாவாசைக்குள் மெஷின் ஓடவில்லை என்றால் பையன் துபாய்க்குப் போய்விடுவான். விசா வந்து வீட்டில் கிடக்கிறது" என்றார்.

சுங்கக் கூடத்தில் பெரிய அதிகாரி வந்தார். கைலியின் கட்டத்தைத் தடவிப் பார்த்தார். "நல்ல சரக்கு" என்றார். கைலி அவரிடம் தங்கியது. வளையம் என்னிடம் தங்கியது. இப்படித்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐஸ் மெஷின் வளையத்துக்கு இந்தியாவுக்குள் நுழைய அனுமதி கிடைத்தது.

மறுநாள் காலை பொன்னேரிக்கு மின்சார ரயில். ரயிலை நான் குறை சொல்ல மாட்டேன், கூட்டத்தைச் சொல்வேன். என் பெஞ்சில் நாலு பேர் உட்கார வேண்டும், ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேர் தொழிற்சாலைச் சட்டை போட்டவர்கள். மீஞ்சூர் நெருங்கும்போது ஒருவர் தன் நண்பரிடம் சொன்னார்: "வயலெல்லாம் பிளாட்டு போட்டுட்டான்பா. கல்லு நட்டவனுக்குத் துட்டு, நாத்து நட்டவனுக்கு நாமம்." அந்த நண்பர் தூங்கிக்கொண்டே தலையாட்டினார். பாதையோரத்தில் 'இங்கு தொழிற்சாலை அமைய உள்ளது' என்று எழுதிய பலகைகளை எண்ணினேன். பதினேழு. அமைந்திருந்தவை இரண்டு. அதில் ஒன்றின் வாசலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

பொன்னேரியில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் பருப்பைத் தேடினேன். எண்ணுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பழவேற்காட்டுப் பேருந்தில் ஏறியபோதே வயிறு எரிந்தது.

பேருந்தில் மீன் விற்றுத் திரும்பும் பெண்கள் ஐந்து பேர், காலிக் கூடைகளோடு ஏறினார்கள். கண்டக்டர் கத்த ஆரம்பித்தார். "கூடைய மேல போடு. நாத்தம் தாங்கல. எல்லாம் பின்னாடி போ." நானும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உடனே ஒரு பெண் என் பக்கம் திரும்பினாள். வெற்றிலை வாய், ஐம்பது வயதிருக்கும்.

"இன்னா தாத்தா, மூக்கப் புடிக்கிற? நீ துன்ற மீனு ரோசாப்பூ வாசம் அடிக்குதா?"

அவளுக்கும் எனக்கும் அதிகம் போனால் பதினைந்து வயது வித்தியாசம். என்னைத் தாத்தா என்கிறாள். ஜன்னல் பக்கம் திரும்பி மின்கம்பங்களை எண்ண ஆரம்பித்தேன். பழவேற்காட்டுச் சாலை நெடுகப் புத்தம் புதிய கம்பங்கள். எதிலும் கம்பி இல்லை. எழுபதை எட்டியபோது டயர் வெடித்தது. மாற்று டயர் இல்லை. அதைப் பற்றி டிரைவருக்கு வெட்கமும் இல்லை. இறங்கிப்போய் நிழலில் படுத்துவிட்டார்.

சாலையோரத்தில் நின்றபோது அந்தப் பெண்ணே மறுபடி பேச்சுக் கொடுத்தாள். அவள் பெயர் கன்னியம்மா, ஊர் பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பம். என் கையிலிருந்த பொட்டலம் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறிப்போயிற்று.

"சுலைமான் பாய் மிசினுக்கா? யம்மாடி! இங்க குடு, நான் தூக்கியாறேன். எம் புள்ள கஜாவும் பாயும் ஒரே கிளாசு படிச்சவங்க. இந்த வெயில்ல பஸ்ஸு இப்படி நின்னுச்சுனா கூடையில பாதி போயிடும் தாத்தா. பொன்னேரிக்காரி செவுள இழுத்துப் பாத்துட்டு மூஞ்சில வுட்டெறிவா. ரெண்டு துண்டு ஐஸு இருந்தா நான் ராணி."

பினாங்கில் விடியும்போதே ஐஸ் லாரி வந்துவிடும். ஒவ்வொரு கோப்பிக் கடை வாசலிலும் ஒரு நீளக் கட்டியைத் தள்ளிவிட்டுப் போகும். நாங்கள் அதைச் சீவிச் சர்க்கரைப் பாகு ஊற்றிச் சாப்பிடுவோம். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டுவோம். இங்கே ஏரி நிறைய மீனை வைத்துக்கொண்டு ஐஸ் இல்லாமல் தூக்கி எறிகிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. அடுத்த பேருந்தைப் பிடித்து ஊரை அடைவதற்குள் கம்பங்கள் நூற்று நாற்பத்தாறு ஆயிற்று.

சுலைமான் இருபத்தெட்டு வயதுப் பையன். கை முழுக்க கிரீஸ். என்னைப் பார்த்து ஸலாம் சொன்னதைவிடப் பொட்டலத்தைப் பார்த்துச் சொன்னதே அதிகம். அவன் அம்மா நண்டுக் குழம்பும் சோறும் போட்டார். அந்த நண்டைப் பற்றி என்னால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதுவே ஒரு எரிச்சல்.

"அண்ணே, மிசினு ஓடுமா?" என்று அந்த அம்மா கேட்டார். "ஓடாட்டி இவன் போயிடுவான். ஓடினாலும் கடன்காரன் மாதிரி ராவும் பகலும் அதுகிட்டயே கெடப்பான். எதுக்கு துவா கேக்கறதுன்னே எனக்குப் புரியல."

தை அமாவாசையில் என்ன விசேஷம் என்று சுலைமானைக் கேட்டேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினான். ஏரியில் இறால் நன்றாக வரும் இடங்களில் இஷ்டத்துக்கு வலை கட்ட முடியாது. அதற்கு முறை உண்டு. அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பத்தில் நாற்பத்து மூன்று கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு படகு, சில ஆட்கள். யார் முதலில், யார் பிறகு என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை, தை அமாவாசையன்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். அன்றைக்கேதான் அந்த வருஷத்து இறாலை யாருக்குக் கொடுப்பது என்றும் ஊர் வாக்குக் கொடுக்கும்.

"ரெண்டு வருசமா மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுக்குத்தான் மாமா வாக்கு. அவங்க லாரியிலதான் ஐஸ் வருது. லாரி வேணும்னே லேட்டா வரும். அதுக்குள்ள எறா தலை கறுத்துடும். கறுத்துப்போச்சின்னு சொல்லி ஏஜெண்டு பாதி வெலைக்கு அடிப்பான். நம்ம ஊர்லயே ஐஸ் இருந்தா எறா ஒரு நாளு தாங்கும். ஒரு நாளு தாங்கினா வேற ஆளுக்கு விக்கலாம். அமாவாசைக்குள்ள நான் ஐஸ் எடுத்துக் காட்டணும். இல்லாட்டி ஊரு மறுபடியும் கம்பெனிக்குத்தான் வாக்குக் குடுக்கும். அப்புறம் இந்த மிசின வெச்சி நான் இன்னா பண்றது?"

வியாபாரத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதற்கு மேல் தெளிவான பேச்சு இல்லை. ஒரு நாள் காத்திருக்க முடிகிறவன்தான் விலை பேச முடியும். அதற்கு வேண்டியது உறைந்த தண்ணீர். அதைச் செய்ய ஒரு பையன் தயாராக இருக்கிறான். அவனைத் தடுக்க எத்தனை அலுவலகங்கள்!

மறுநாள் வளையத்தை மாட்டினார்கள். சுலைமானும் கஜாவும் மெஷினுக்குள் தலையை விட்டபடி ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். கஜா கன்னியம்மாவின் மகன். அம்மாவின் வாய் அவனுக்கும் இருந்தது. "பாய், ஸ்பானர நேராப் புடி. நீ துபாய்க்குப் போயிருந்தா இந்தப் பினாங்குத் தாத்தாகிட்ட நான் ஒருத்தனே மாட்டியிருப்பேன்." மெஷின் இருமியது, குலுங்கியது, ஓடியது. மூத்திரச் சந்து மாதிரி ஒரு நெடி வந்து பிறகு நின்றது. எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அம்மோனியாவால் என்றார்கள்.

ஐஸ் உறையும் தகரப் பெட்டிகள் முப்பத்தாறு. கரண்டு பாதி அழுத்தத்தில்தான் வந்தது. அதனால் பதினெட்டில்தான் ஐஸ் உறைந்தது. மற்றதில் குளிர்ந்த தண்ணீர். சாலையில் நிற்கும் நூற்று நாற்பத்தாறு கம்பங்களில் கம்பி இழுத்திருந்தால் முப்பத்தாறும் உறைந்திருக்கும். கணக்கு அவ்வளவு சுலபம்.

மறுநாள் காலை முதல் கட்டியை வெளியே தள்ளினார்கள். உள்ளே வெள்ளையாகப் புகைபோல ஒரு கோடு. பினாங்கில் இப்படிப்பட்ட கட்டியைச் சீனன் திருப்பி அனுப்பிவிடுவான். ஆனால் சுலைமானின் அம்மா அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு எடுக்காமல் நின்றார். அன்றைக்குப் பாடு கஜாவின் கூட்டத்துக்கு. ஏரியிலிருந்து இறாலோடு அப்போதுதான் கரையேறியிருந்தான். சுலைமான் சந்தோஷத்தில் ஒரு தேங்காயை உடைத்து, முதல் கட்டியை உமியில் உருட்டி, சாக்கில் சுற்றிக் கஜாவின் தலையில் தூக்கி வைத்தான்.

"துட்டு?" என்றான் கஜா.

"மொத போணிக்கு உங்கிட்ட துட்டா? போடா."

அதுதான் தப்பாகப் போயிற்று.

சாயங்காலம் கோட்டைக்குப்பத்திலிருந்து ஆள் வந்தது. ஊர்க் கட்டுப்பாடு: சுலைமான் ஐஸை யாரும் தொடக் கூடாது. கஜா வாங்கிய கட்டியை ஏரியில் போட வேண்டும். என்ன குற்றம் என்று கேட்டால், வந்த ஆள் வானத்தைப் பார்த்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சுலைமான் கையைப் பிடித்தான். உதறினேன்.

ஊர்ப் பெரியதனக்காரர் ஏகாம்பரம் படகு ஒன்றில் சாய்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னைவிட இளையவர், என்னைவிட நிதானமானவர். நான் மூச்சு விடாமல் திட்டினேன். நாட்டைத் திட்டினேன், சுங்கத்தைத் திட்டினேன், கம்பங்களைத் திட்டினேன், கடைசியில் அவரைத் திட்டினேன். அவர் வலையிலிருந்து ஒரு நண்டை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"குந்து பெரியவரே. மூச்சு வாங்குது. ஒண்ணு கேட்டுக்கோ. மூணு வருசம் முன்னாடி கம்பெனிக்காரன் வந்தான். ஒருத்தனுக்கு நைலான் வலைய சும்மா குடுத்தான். அப்பால நாலு பேருக்குக் குடுத்தான். அந்த அஞ்சு பேரும் ஊர்ப் பேச்சக் கேக்கல, அவன் பேச்சத்தான் கேட்டானுங்க. பாட்ட மீறி வலை கட்டினானுங்க. அண்ணன் மண்டைய தம்பி ஒடைச்சான். அத்தோட முடிவு பண்ணோம். யாவாரி எது குடுத்தாலும் ஊருக்குக் குடுக்கணும். ஒருத்தனுக்குக் குடுக்கறவன் ஊர ரெண்டா பொளக்கறவன்."

"அது வலை. இது வெறும் தண்ணீர்!" என்று கத்தினேன்.

"தண்ணிதான். அதான் தண்ணிலயே போடச் சொன்னோம்."

பின்னால் வந்து நின்ற சுலைமான் முணுமுணுத்தான்: "வலைக்குத்தான் கட்டுப்பாடுன்னு நெனச்சேன் மாமா. உருகிப்போறதுக்குக் கூடவா?"

கஜா ஊர் முன்னிலையில் கட்டியைத் தூக்கி வந்தான். ஓரம் உருகிப் பாதியாகியிருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி அதைத் தள்ளினான். அது மூழ்கவில்லை. சனியன், மிதந்தது. காற்றுக்குத் திரும்பித் திரும்பிக் கரைக்கே வந்தது. அவன் மறுபடி தள்ளினான். மறுபடி வந்தது. நான்கு தடவை. கரையில் நின்றிருந்த கம்பெனி லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்து ஏஜெண்டு கைதட்டினான்.

"நல்லா நீஞ்சுது பாய், உங்க ஐஸு! பெரியவரே, அந்த மிசினு எத்தினி கிலோ தேறும்? பழைய இரும்புக்கு நானே எடுத்துக்கறேன்."

என் ஆயுளில் ஒருவன் கன்னத்தில் அறைய வேண்டும் என்று தோன்றிய தருணங்கள் சில உண்டு. அது அவற்றில் முதலாவது. சுலைமான் வீட்டுக்கு நடந்தான். அன்று அவன் அம்மா அலமாரியிலிருந்து விசாத் தாளை எடுத்துச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை. சோற்றையும்தான்.

அமாவாசைக்கு முந்தின நாள் ஐஸ் ஆலைக்கு ஒரே ஒரு வாடிக்கைக்காரர் வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் 'தொழில் வளர்ச்சி முகாம்'. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அவர் குடிக்கும் கலர் பாட்டில்களைக் குளிர வைக்க ஐஸ் வேண்டும் என்று அலுவலகச் சேவகர் வாளியோடு வந்து நின்றார். பழவேற்காட்டின் இறால் குளிரக் கூடாது. அதிகாரியின் கலர் குளிர வேண்டும். சுலைமான் உடைத்துக் கொடுத்தான். நான் வாளியின் பின்னாலேயே போனேன்.

பந்தலில் நாற்காலி அறுபது, ஆள் இருபத்திரண்டு. அதில் பந்தல்காரர்கள் ஐந்து பேர். அதிகாரி பேசினார். சென்னை வடக்கே வளர்கிறதாம். மீஞ்சூரும் பொன்னேரியும் நாளைய நகரங்களாம். பின்தங்கிய பகுதி இளைஞர்கள் வேலை தேடி அலையாமல், புதிதாக ஏதாவது துணிந்து தொடங்க வேண்டுமாம். அவர் கையிலிருந்த பாட்டிலில் சுலைமானுடைய ஐஸின் நீர் வழிந்துகொண்டிருந்தது. சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். எழுந்தேன். சேவகர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். வேட்டியை அவரிடம் விட்டுவிடும் வேகத்தில்தான் எழுந்தேன்.

"சாலையில் கம்பம் நட்டிருக்கிறீர்கள். கம்பி எப்போது?"

"எத்தனை கம்பம் என்று கணக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது, ஐயா."

"நூற்று நாற்பத்தாறு. நான் எடுத்துவிட்டேன். கம்பியை இழுங்கள்."

இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். ஆவன செய்யப்படும் என்றார். கைதட்டல். பினாங்கில் கம்பம் நட்ட அன்றே கம்பி இழுப்பார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கம்பத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்க முடியாது.

வெளியே கன்னியம்மா கூடையோடு நின்றிருந்தாள். என் கூச்சலை ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள்.

"கம்பத்த வுடு தாத்தா. அது நாளைக்கும் அங்கதான் நிக்கும். நாளைக்கு அமாவாசை. பாய நான் சொன்னேன்னு வரச் சொல்லு. ஐஸையும் பாட்டுல வெச்சுடலாம்."

"ஐஸை எப்படிப் பாடு முறைக்குள் வைப்பது?"

"எறாவுக்கு மொற இருந்தா ஐஸுக்கு இருக்காதா? அன்னிக்கி யாரு பாடோ அவனுக்கு அன்னிக்கி ஐஸு. யாரும் யாருக்கும் சும்மா குடுக்க வேணாம். ஆனா பாய் வெளியாளு. வெளியாளு வெச்சா செல்லாது. ஊர்ப் பங்காளி ஒருத்தன்தான் புதுசா எதையும் வெக்கணும். அப்படி வெக்கறவனுக்குக் கடைசிப் பாடு. அதான் சட்டம்." வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "கஜாதான் வெக்கணும். தப்பும் அவந்தான பண்ணான்."

கடைசிப் பாடு என்றால் என்ன என்று சுலைமானிடம் கேட்டேன். கூட்டத்துக்கு ஒரு நாளாக நாற்பத்து மூன்றாவது முறை வரும்போது பங்குனி பிறந்துவிடும். கடல் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். நல்ல இறால் போயிருக்கும் என்றான். சொல்லிவிட்டு, "அவன் வெக்க மாட்டான் மாமா. வெக்கவும் கூடாது" என்றான். கேட்கவே போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். மறுநாள் அவனை இழுத்துக்கொண்டுதான் போனேன்.

அமாவாசையன்று கோட்டைக்குப்பம் முழுவதும் அம்மன் கோயில் முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் ஓரமாக நின்றுகொண்டு. ஏஜெண்டுக்கு மட்டும் ஒரு நாற்காலி. ஏகாம்பரத்தின் முன்னால் பித்தளைக் குடம். அதில் நாற்பத்து மூன்று ஓலை நறுக்குகள். குடத்தில் ஊர்க்காரன் யாரும் கையை விடக் கூடாது, வெளியாள்தான் எடுக்க வேண்டும். இரண்டு வருஷமாக எடுத்தவன் ஏஜெண்டு. அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தான்.

அப்போது கஜா எழுந்து நின்றான். ஊரைக் கும்பிட்டான். "பாய் மிசினு ஐஸ நான் பாட்டுல வெக்கறேன். எம் பேர எடுத்துடுங்க. கடைசிய நான் எடுத்துக்கறேன்" என்றான்.

மணலில் சலசலப்பு. ஒருவன் கேட்டான்: "பாய் உனக்கு இன்னாடா குடுத்தான்?" கஜா சொன்னான்: "ஒரு கட்டி குடுத்தான். அதத்தான் ஏரில தள்ளச் சொல்லிட்டீங்களே." சிலர் சிரித்துவிட்டார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கட்டி என்று சுலைமானைக் கேட்டார். "பதினெட்டு" என்று நான் சொன்னேன்.

"பதினெட்டும் படகுக்கா?" ஓரத்திலிருந்து கன்னியம்மா குரல் கொடுத்தாள். "எம் புள்ள கடைசிக்குப் போறான். பொம்பளைங்க கூடைக்கு ஆறு வைங்க. இல்லாட்டி அவன் வெக்க மாட்டான். நான் வெக்க வுட மாட்டேன்."

"ஆம்பளைங்க பேசற எடத்துல..." என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"நீ புடிச்ச மீன விக்கறது யாருடா? உன் மீசையா?"

பன்னிரண்டு, ஆறு என்று முடிந்தது. ஏஜெண்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். வருஷ வாக்கு என்ன ஆயிற்று என்றான். ஏகாம்பரம் அவனைப் பார்க்காமல் குடத்தைப் பார்த்துச் சொன்னார்: "வர்றப்ப வா. எறா இருந்தா எடு. வாக்கு இல்ல."

"அப்ப லாரி வராது."

"வராட்டி போ. எறா ஒரு நாளு குந்தினு இருக்கும்."

ஏஜெண்டு மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். குடத்தில் கையை விட ஆள் வேண்டுமே என்று ஊர் சுற்றிப் பார்த்தது. ஏகாம்பரத்தின் பார்வை என் மேல் நின்றது.

"இந்தப் பெரியவரு எடுக்கட்டும். ஒருத்தர் வுடாம எல்லாரையும் திட்டினாரு. பட்சபாதம் இல்லாத ஆளு."

எடுத்தேன். நாற்பத்திரண்டு ஓலைகள். கஜாவின் ஓலை முதலிலேயே குடத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கப் பெயர் படித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கத்தில் ஆரவாரம். கடைசியாக வெளியே இருந்த ஓலையை ஏகாம்பரமே எடுத்துப் படித்தார். அதற்கு ஆரவாரம் இல்லை. கஜா மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். சுலைமானைத் தாண்டிப் போகும்போது, "பங்குனில எனக்குக் கட்டி கம்மியாச்சு, ஒதைப்பேன்" என்று மட்டும் சொன்னான். சுலைமான் தலையைத் தூக்கவில்லை.

எனக்கு அன்றும் கோபம் தீரவில்லை. இந்த ஊருக்கு ஐஸ் வருவதற்கு ஏன் ஒரு மீனவன் தன் நல்ல பருவத்தைக் கொடுக்க வேண்டும்? கம்பி இழுக்காதவர்கள் எதைக் கொடுத்தார்கள்? லைசென்ஸ் மனுவின் மேல் உட்கார்ந்திருப்பவருக்கு எப்போது கடைசிப் பாடு? வளர்ச்சி முகாமில் யாராவது இதைக் கேட்டிருக்க வேண்டும். நான் கம்பத்தோடு நின்றுவிட்டேன்.

கிளம்பும் அன்று சுலைமானின் அம்மா விசாத் தாளை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கிழிக்கவில்லை. "கரண்டு நின்னாலும் நிக்கும்ல அண்ணே" என்றார். வழிச் சாப்பாட்டுக்கு வறுத்த மீன் கட்டிக்கொடுத்தார். ஒன்பது துண்டு. திருத்தணிக்கு விரதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேருந்தில் கன்னியம்மா ஏறினாள். கூடைக்குள் சாக்கு, சாக்குக்குள் உடைத்த ஐஸ், ஐஸுக்குள் மீன். போன தடவை கத்திய அதே கண்டக்டர். கூடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துவிட்டு மணியை அடித்தார்.

"எறங்கு. பஸ்ஸெல்லாம் மீன் தண்ணி."

"அது மீன் தண்ணீர் இல்லை, ஐஸ் தண்ணீர்!" என்று நான் போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். "முகர்ந்து பார். நாறுகிறதா? நாறினால் அவளை இறக்கு. இல்லையென்றால் நீ இறங்கு. உன் டயர் வெடித்தபோது இவர்களை வெயிலில் நிறுத்தினாயே, அப்போது எங்கே போயிற்று உன் சுத்தம்?" இன்னும் நிறையச் சொன்னேன். எழுதுவதற்கில்லை. கண்டக்டர் குனிந்து முகர்ந்தார். டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

கூடையை என் காலடியில்தான் வைத்தாள், வேறு இடம் இல்லை. பினாங்கில் வாங்கிய தோல் செருப்பு நனைந்து ஊறியது. காலை நகர்த்த முடியாது. நகர்த்தினால் கூடை சாயும். கம்பங்களை எண்ணினேன். நூற்று நாற்பத்தைந்து. நான் வந்து போவதற்குள் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பொன்னேரிச் சந்தையில் கூடையை இறக்கிவைத்துச் சாக்கைப் பிரித்தாள். பாதி ஐஸ் மிச்சம் இருந்தது. ஏறும்போதே கேட்டு வைத்திருந்தேன், ஐம்பத்து நாலு மீன். ரயில் ஊதியது. போகட்டும் என்று விட்டுவிட்டு அவள் பக்கத்தில் குனிந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துச் செவுளைப் பிரித்துக் காட்டினாள். ஒவ்வொன்றாக எண்ணினேன்.

"இன்னா தாத்தா, மூக்கப் புடிக்கலயா?"

"பேசாதே. எண்ணிக்கை விட்டுப்போகும்" என்றேன்.

ஐம்பத்து நாலும் சிவப்பாக இருந்தன.